பழைய பிஸ்டல் வாங்கலாமா?

போட்டிக்கான ஏர் பிஸ்டலை செகண்ட் ஹேண்டில் வாங்க நினைக்கும் குடும்பங்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை என்னென்ன?

பிள்ளை ரைபிள் கிளப்பில் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். கிளப்புக்குச் சொந்தமான பிஸ்டலில், தன் முறை வரும்வரை காத்திருந்து சுட்டுப் பழகிய பிள்ளை. ஸ்கோர் மெல்ல ஏறுகிறது. மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று. அப்போதுதான் கோச் அப்பாவைத் தனியே அழைத்து, “இனிமே சொந்தமா ஒரு பிஸ்டல் இருந்தா நல்லதுங்க” என்பார். அன்றிரவே வீட்டில் கணக்குத் தொடங்கிவிடும். ஆஸ்திரியாவின் ஸ்டெயர், சுவிட்சர்லாந்தின் மொரினி, ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், இத்தாலியின் பர்தினி... எந்தப் பெயரைத் தொட்டாலும் புதிதென்றால் லட்சங்களில்தான் பேச்சு. நாலு பேரிடம் விசாரித்ததும் ஒருவர் சொல்வார்: “நம்ம கிளப்லயே ஒருத்தர் விக்கிறார். அஞ்சாறு வருஷம் ஆன மொரினி. நல்லா வச்சிருந்தார். விலையும் குறைச்சல்தான்.”

வாங்கலாமா, வேண்டாமா? தமிழ்நாட்டில் துப்பாக்கி சுடும் பிள்ளைகள் உள்ள வீடுகள் பலவும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வருகின்றன. கேட்கும் இடத்தைப் பொறுத்துப் பதிலும் மாறுகிறது. “அடுத்தவர் பொருள், எதற்கு வம்பு” என்பார் ஒருவர். “பெயர் பெற்ற கம்பெனி, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்” என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சையும் நம்ப வேண்டாம். வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும். ஒரு போட்டி பிஸ்டலில் எது தேயும், எது தேயாது என்று தெரிந்தவருக்கு அதன் வயது ஒரு தடையே இல்லை. தெரியாதவருக்கு ஒரு வருடப் பழசும் ஆபத்து.

பத்து மீட்டர் தூரத்து விளையாட்டு

இங்கே பெரும்பாலான பிள்ளைகள் தொடங்குவது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். 4.5 மில்லிமீட்டர் துளை, அதாவது .177. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில், பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ஒரே கையால், எதிலும் சாயாமல் நின்றபடி சுட வேண்டும். தகுதிச் சுற்றில் 60 குண்டுகள். மின்னணு இலக்கென்றால் ஒன்றேகால் மணி நேரம். ஆண், பெண் இருபாலருக்கும் 2018 முதல் இதே அளவுதான்.

பிஸ்டலுக்கும் சர்வதேச துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் விதிகள் உண்டு. எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. 420 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம் கொண்ட பெட்டிக்குள் முழுவதும் அடங்க வேண்டும். டிரிகரை இழுக்க குறைந்தது 500 கிராம் விசை தேவைப்பட வேண்டும். பழைய பிஸ்டல் வாங்குகிறவர் இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது விதிக்குள் இருந்த பிஸ்டல், முன்பு வைத்திருந்தவர் செய்த ‘சின்னச் சின்ன’ மாற்றங்களால் விதியை மீறியிருக்க வாய்ப்புண்டு. வாங்கிய பிறகு போட்டி நாளன்று, உபகரணச் சோதனை மேசையில் அது தெரியவந்தால் நொறுங்குவது பிள்ளையின் மனசுதான்.

முதலில் கை

பழைய பிஸ்டலைப் பார்க்கப் போகும் பெற்றோர் பலர் குழலைப் பார்க்கிறார்கள், பெயரைப் பார்க்கிறார்கள், கீறல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கிரிப்பை.

போட்டி பிஸ்டலின் கிரிப் மரத்தில் கையின் வடிவத்துக்கேற்பச் செதுக்கப்பட்டது. இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று. அதிலும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகள். தொடர்ந்து சுடுகிறவர்கள் அந்த அளவோடு நிற்பதில்லை. விரல் அழுந்தும் இடத்தில் அரம் போட்டுத் தேய்ப்பார்கள், இடைவெளி தெரியும் இடத்தில் மரப்பட்டி பூசி நிரப்புவார்கள். சில ஆண்டுகளில் அந்த கிரிப் அவருடைய கைக்கு மட்டுமே பொருந்துவதாகிவிடும். நாற்பது வயதுக்காரருக்கு நூலிழை பிசகாமல் பொருந்திய கிரிப்பில் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் விரல் டிரிகரை எட்டாது. எட்ட வைக்க மணிக்கட்டைத் திருப்புவாள். திருப்பிய மணிக்கட்டோடு ஆயிரக்கணக்கான குண்டுகள் சுட்டுப் பழகிவிட்டால், பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

அதனால் வாங்கப் போகும்போது பிள்ளையை அழைத்துப் போங்கள். பிஸ்டலைப் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடி, கையை உயர்த்தி, இலக்கின் திசையில் நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்ததும் முன் சைட்டும் பின் சைட்டும் ஏறக்குறைய ஒரு கோட்டில் நின்றால் கிரிப் ஒத்துவருகிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் முன் சைட் ஒரே பக்கம் ஒதுங்கினால் அது இவளுக்கான கிரிப் இல்லை. அதற்காக பிஸ்டலையே வேண்டாமென்று சொல்ல வேண்டியதில்லை. கிரிப் தனியாகக் கிடைக்கும். ஆனால் அதன் விலையைப் பேரத்திலேயே கழித்துவிட வேண்டும்.

கிரிப்பில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உள்ளங்கையின் அடிப்பக்கத்தைத் தாங்கும் தட்டு, கிரிப்போடு சேரும் கோணம் 90 டிகிரிக்குக் குறையக் கூடாது. கிரிப்பின் எந்தப் பகுதியும் கையைச் சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாது. பட்டி பூசி மேடு ஏற்றிய பழைய கிரிப்புகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

எடையும் கையைச் சேர்ந்த விஷயமே. இந்த வகை பிஸ்டல்கள் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். கையை நீட்டி அறுபது முறை தூக்குவதற்கு வளரும் தோளில் அது பெரிய பாரம். பல நிறுவனங்கள் நீளமும் எடையும் குறைந்த சிறிய வடிவங்களையும் தயாரிக்கின்றன. வளரும் பிள்ளைக்கு அப்படிப்பட்ட ஒன்றைப் பழையதாக வாங்கி, கையும் தோளும் உரமேறியதும் அடுத்த பிள்ளைக்கு விற்றுவிடுவது அருமையான ஏற்பாடு. செகண்ட் ஹேண்ட் சந்தையின் உண்மையான நன்மை இங்கேதான்.

தேயாத குழலும் தேயும் வளையமும்

பழைய பைக் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்க்கிறோம். பிஸ்டலில் அப்படி ஒரு மீட்டர் இல்லை. “ரொம்ப சுட்டதில்லை” என்று எல்லா விற்பனையாளரும் சொல்வார்கள். அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

காரணம், குழல் தேய்வதில்லை என்றே சொல்லலாம். வெடிமருந்துத் துப்பாக்கியில் சூடும் அழுத்தமும் குழலை அரிக்கும். ஏர் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. அரை கிராம் அளவுள்ள மென்மையான ஈய பெல்லட், விநாடிக்கு 150 மீட்டரை ஒட்டிய வேகத்தில், காற்றின் தள்ளலில் மட்டுமே போகிறது. எஃகுக் குழலை ஈயம் தேய்க்காது. குழலைக் கெடுப்பது கவனக்குறைவுதான்: இரும்புக் கம்பியை விட்டுச் சுத்தம் செய்தது, முனையைத் தரையில் இடித்துக்கொண்டது. குழல் முனையின் விளிம்பை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். சொட்டை, கீறல் இல்லாமல் சீரான வட்டமாக இருந்தால் போதும். பத்தாயிரம் குண்டு சுட்டதா, ஐம்பதாயிரம் சுட்டதா என்பது அடுத்த கேள்வி.

தேய்வது ரப்பர் வளையங்கள். காற்று போகும் வழியெங்கும் இருக்கும் ‘ஓ ரிங்’ எனப்படும் இந்தச் சின்ன வளையங்கள் காலப்போக்கில் இறுகி, வெடித்து, காற்றைக் கசியவிடும். சுட்டாலும் தேயும், சுடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் கெடும். “வாங்கி ஐந்து வருஷம் பெட்டியிலேயே இருந்தது, புதுசு மாதிரி” என்று சொல்லப்படும் பிஸ்டலைவிட, வாரந்தோறும் சுடப்பட்டு, முறையாக சர்வீஸ் செய்யப்பட்ட பிஸ்டல் மேல். வளையத்தின் விலை சொற்பம். கழற்றி மாற்றத் தெரிந்த கைதான் அரிது. அதனால் வாங்கும் மாடலுக்கு உதிரிபாகமும், அதைக் கையாளத் தெரிந்தவரும் நம் ஊரில் கிடைக்கிறார்களா என்று முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. கிளப்பில் நான்கு பேர் வைத்திருக்கும் மாடல், உலகத்திலேயே சிறந்தது என்று ஒருவர் மட்டும் வைத்திருக்கும் மாடலைவிட நடைமுறையில் பயனுள்ளது.

அடுத்தது ரெகுலேட்டர். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்ட காற்று, குண்டு சுடச் சுடக் குறைந்துகொண்டே வரும். அந்த ஏற்ற இறக்கம் பெல்லட்டின் வேகத்தைப் பாதிக்காதபடி, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றை அளந்து கொடுப்பது ரெகுலேட்டரின் வேலை. அது தளர்ந்தால் பிஸ்டல் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சிறிது நேரம் கீழே வைத்துவிட்டு எடுத்துச் சுடும் முதல் குண்டு, மற்றவற்றிலிருந்து விலகும். பிள்ளை தன் கையையே சந்தேகப்படுவாள். கோச்சும் “கவனம் சிதறுது” என்பார். இருவர் மீதும் தவறு இருக்காது.

சிலிண்டரில் ஒரு தேதி

பழைய பிஸ்டலின் விலையைத் தீர்மானிக்க வேண்டிய தகவல் ஒன்று அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது: சிலிண்டரின் தேதி. வளிமண்டலத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தைத் தாங்கி, கையில் பிடிக்கப்படும் பாத்திரம் இது. பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் சிலிண்டர்களுக்கு 10 ஆண்டு ஆயுள் என்று வரையறுத்திருக்கின்றன. காலாவதியாகாத சிலிண்டரோடு வருவது வீரரின் பொறுப்பு என்று சர்வதேச விதியும் சொல்கிறது.

ஆறு வருடப் பழசான பிஸ்டலில் சிலிண்டருக்கு மீதமிருப்பது நான்கு வருடம். பன்னிரண்டு வருடப் பழசில் ஒன்றும் மீதமில்லை. இரண்டு சிலிண்டர் கொடுத்தாலும் இரண்டும் காலாவதிதான். அப்படிப்பட்ட பிஸ்டலையும் வாங்கலாம். புது சிலிண்டரின் விலையை விசாரித்து, அதைக் கழித்துப் பேச வேண்டும், அவ்வளவே. அந்த மாடலுக்கு சிலிண்டர் இன்னும் தயாராகிறதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். “இதெல்லாம் சும்மா கம்பெனிக்காரன் போடுற தேதி, ஒண்ணும் ஆகாது” என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். பிள்ளையின் கையில் இருக்கும் பொருளில் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

சிலிண்டரில் காற்று எப்படி நிரப்பப்பட்டது என்றும் கேளுங்கள். ஆழ்கடல் நீச்சலுக்கான பெரிய சிலிண்டரிலிருந்து உலர்ந்த காற்றை நிரப்பியிருந்தால் நல்லது. ஈரத்தைப் பிரிக்கும் வடிகட்டி இல்லாத கைப்பம்பால் அடித்திருந்தால், சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்று அப்படியே உள்ளே போயிருக்கும். சிலிண்டருக்குள்ளும் ரெகுலேட்டரிலும் துரு பிடிக்க அதுவே போதும். திருகுகள், சைட்டின் ஸ்பிரிங், கிரிப்பைக் கழற்றினால் தெரியும் உலோகப் பகுதி ஆகியவற்றில் செம்மை படர்ந்திருந்தால், உள்ளேயும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நம் வெயிலுக்கு ஒவ்வாத பழசு

மலிவாகக் கிடைக்கிறது என்று சில நேரம் ‘சிஓ2’ பிஸ்டல்கள் கைமாறும். ஸ்டெயர் எல்பி 1 போன்றவை ஒரு காலத்தில் உலக மேடைகளில் பதக்கப் போட்டியில் நின்றவை. கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 57 பார். 30 டிகிரியில் 70 பாரைத் தாண்டும். 31 டிகிரிக்கு மேல் அது திரவமாகவே நிற்காது. ஐரோப்பாவின் உள்ளரங்குகளில் இது பெரிய தொல்லை இல்லை. ஏசி இல்லாத ரேஞ்சில், மே மாத மதியத்தில் நம் பிள்ளை சுட வேண்டியிருக்கும்போது, காலையில் சரிசெய்த சைட் மதியத்துக்குப் பொருந்தாது. நினைவுப் பொருளாக வாங்கலாம், போட்டிக்கு வேண்டாம்.

ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை இழுத்து காற்றை அடைக்கும் ரஷ்யாவின் ஐஇசட்எச் 46 எம், ஸ்பிரிங்கில் இயங்கும் ஃபைன்வெர்க்பாவ் 65 போன்ற பழைய மாடல்களுக்கு இன்னமும் மரியாதை உண்டு. சிலிண்டரே இல்லாததால் காலாவதிப் பிரச்சினை கிடையாது, துல்லியமும் குறைவில்லை. வளர்ந்தவர் பொழுதுபோக்காகச் சுட இவை நல்ல தேர்வு. போட்டிக்குத் தயாராகும் பிள்ளை அறுபது குண்டுக்கு அறுபது முறை நெம்ப வேண்டும். பாதிப் போட்டியிலேயே தோள் சோர்ந்துவிடும்.

ரேஞ்சில் ஒரு மாலை

பிஸ்டலை வீட்டுக் கூடத்தில் பார்த்து வாங்கக் கூடாது. ரேஞ்சுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். உண்மையாக விற்க நினைப்பவர் மறுக்க மாட்டார்.

முதலில் கசிவு. சிலிண்டரை நிரப்பி, பிஸ்டலில் பொருத்தி, அழுத்தமானியில் முள் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு கழித்து அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கியிருந்தால், சிலிண்டரைக் கழற்றி இன்னோர் இரவு தனியே வைத்துப் பாருங்கள். தனியே இருக்கும்போது இறங்கவில்லை என்றால் கசிவு பிஸ்டலில், இறங்கினால் சிலிண்டரில்.

இரண்டாவது வேகம். குரோனோகிராஃப் என்னும் வேகமானி வழியாகப் பத்துக் குண்டுகள். ஒன்றுக்கொன்று விநாடிக்குச் சில மீட்டர் வித்தியாசத்துக்குள் நின்றால் ரெகுலேட்டர் ஆரோக்கியமாக இருக்கிறது. பத்து நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி ஒரு குண்டு. அது மட்டும் எகிறினால் சர்வீஸ் செலவு காத்திருக்கிறது.

மூன்றாவது குழுமம், அதாவது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது. பிஸ்டலை வைஸ் என்னும் பிடிகருவியில் பட்டும்படாமல் இறுக்கி, ஒரே வகை பெல்லட்டில் ஐந்து குண்டுகள் பத்து மீட்டரில் சுட வேண்டும். நல்ல பிஸ்டல் ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, காகிதத்தில் ஒரே ஓட்டையாகக் காட்டும். சிதறினால் உடனே குறை சொல்லிவிட வேண்டாம். வேறு பெல்லட்டில் சுட்டுப் பாருங்கள். தலைப்பகுதியின் விட்டம் 4.49, 4.50 என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மாறினாலே சில குழல்களுக்குப் பிடிக்கும், சிலவற்றுக்குப் பிடிக்காது. கையால் சுட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். கையின் நடுக்கம் பிஸ்டலின் கணக்கில் சேர்ந்துவிடும்.

நான்காவது டிரிகர். சோதனைக்கான 500 கிராம் எடையை டிரிகரில் தொங்கவிட்டு, குழலை மேல்நோக்கி நிறுத்தித் தூக்க வேண்டும். எடை மேலே வர வேண்டும். பிஸ்டல் சுட்டுவிடக் கூடாது. பெரிய போட்டிகளில் சுற்று முடிந்த பிறகும் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து இந்தச் சோதனையைச் செய்வார்கள். தவறினால் அத்தனை ஸ்கோரும் போய்விடும். மொரினி சிஎம் 162 இஐ போன்ற மின்னணு டிரிகர் கொண்டவற்றில் இழுவை மாறாமல் இருக்கும், குறை தெரியாது. ஆனால் பேட்டரி இணைப்பும் மின்சுற்றும் ஈரத்தில் கெட்டால் உள்ளூரில் யாராலும் பழுதுபார்க்க முடியாது. எந்திர டிரிகரைத் தெரிந்த கை சரிசெய்துவிடும். மாவட்டத் தலைநகரிலிருந்து தள்ளி இருக்கும் குடும்பம் இதையும் யோசிக்க வேண்டும்.

கடைசியாக சைட். கடிகார முள் போலச் சொடுக்கு விழும் திருகை ஐந்து சொடுக்கு வலப்பக்கம், ஐந்து இடப்பக்கம் என்று திருப்பினால் குண்டு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் உள்ளே ஆட்டம் இருக்கிறது.

காகிதம் இல்லாமல் கைமாற்றாதீர்கள்

ஆயுத விதிகள் 2016-ன்படி .177 துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் பிஸ்டலுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் 6 ஜூலை ஒட்டித்தான் இருக்கும். உரிமம் வேண்டாம் என்பதால் ஆவணமே வேண்டாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

இந்த பிஸ்டல்கள் வெளிநாட்டில் தயாரானவை. யாரோ ஒருவர் முறைப்படி இறக்குமதி செய்து, சுங்கம் கட்டி, ரசீது பெற்றிருக்க வேண்டும். அந்த ரசீதில் உள்ள வரிசை எண்ணும் பிஸ்டலில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வீரர் என்ற முறையில் சலுகையோடு இறக்குமதி செய்யப்பட்டதென்றால், கைமாற்றுவதற்கு நிபந்தனை ஏதும் உண்டா என்று மாநில சங்கத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். விற்பவர், வாங்குபவர் பெயர், முகவரி, வரிசை எண், தொகை, தேதி எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்று கட்டாயம் வேண்டும். போட்டிக்காக ரயிலிலும் விமானத்திலும் பிஸ்டலோடு போகப்போவது பிள்ளை. கேள்வி கேட்கப்படும்போது அவள் கையில் காட்ட ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

.22 பிஸ்டலென்றால் கதையே வேறு. அது ஆயுதச் சட்டம் 1959-ன்கீழ் உரிமம் வேண்டிய துப்பாக்கி. உரிமம் உள்ள தனிநபர் இன்னொரு உரிமதாரருக்கு விற்பதானாலும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். இதில் நட்புக்காகக்கூட ஓர் அடி வழுவக் கூடாது.

விலை பேசும் கணக்கு

சந்தையில் “பாதி விலை” என்ற பேச்சுக்கு அடிப்படை எதுவும் இல்லை. ஒரு தாளை எடுத்து அதே மாடலின் இன்றைய புது விலையை மேலே எழுதுங்கள். அதற்குக் கீழே நான்கு கழித்தல்கள்: காலாவதியை நெருங்கும் சிலிண்டருக்கு ஒரு தொகை, வளையங்கள் மாற்றி முழு சர்வீஸ் செய்ய ஒரு தொகை, பொருந்தாத கிரிப்புக்கு ஒரு தொகை, உத்தரவாதம் இல்லாததற்காக ஒரு தொகை. மீதி வருவதுதான் நியாயமான உச்ச விலை. கேட்கும் விலை அதற்கு மேலே இருந்தால் இன்னும் சில மாதம் சேமித்துப் புதிதாக வாங்குவது மேல். கீழே இருந்து, ரேஞ்ச் சோதனைகளிலும் தேறினால் தயங்காமல் வாங்கலாம். இப்படி வாங்கிய பிஸ்டலை நன்றாகப் பராமரித்தால், இரண்டு மூன்று வருடம் கழித்து விற்கும்போது பெரிய நட்டம் வராது.

மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும் என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். ஒரு நாளைக்கு 80 பெல்லட் வீதம், மாதம் 25 நாள் சுட்டால் 2,000 பெல்லட். 500 கொண்ட டப்பா நான்கு. அதோடு ரேஞ்ச் கட்டணம், போட்டி நுழைவுக் கட்டணம், வெளியூர்ப் பயணம், கோச்சுக்கான சம்பளம். மாநிலப் போட்டி, தென்மண்டலம், மவ்லாங்கர் போட்டி, தேசியப் போட்டி என்று பிள்ளை ஏற ஏறச் செலவும் ஏறும். கையிலிருக்கும் எல்லாவற்றையும் புது பிஸ்டலில் போட்டுவிட்டு, மூன்றாம் மாதமே பெல்லட்டை எண்ணி எண்ணிச் சுட வைக்கும் வீடுகளை ஒவ்வொரு கிளப்பிலும் பார்க்கலாம். அந்தப் பிள்ளை ஏட்டில்தான் பெரிய பிஸ்டல் வைத்திருக்கிறாள்.

விற்பவரிடம் கேளுங்கள்

• ஏன் விற்கிறீர்கள்? (பிளஸ் டூ வந்ததும் விளையாட்டை நிறுத்துபவர்கள், உயர்ந்த மாடலுக்கு மாறுபவர்கள் நிறைய. காரணம் தெளிவாக இருந்தால் நம்பலாம்.)
• கடைசி சர்வீஸ் எப்போது? செய்தவர் யார்?
• சிலிண்டர் எத்தனை? ஒவ்வொன்றிலும் என்ன தேதி?
• காற்று எங்கே, எப்படி நிரப்பினீர்கள்?
• கிரிப்பில், டிரிகரில் என்ன மாற்றம் செய்தீர்கள்? கழற்றிய அசல் பாகங்கள் இருக்கின்றனவா?
• தொழிற்சாலை தந்த சோதனை அட்டை, கருவிகள், இறக்குமதி ரசீது உண்டா?
• எந்த பெல்லட் இதற்குச் சரியாக வந்தது?

யார் காத்திருக்க வேண்டும்?

தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாதவர்கள் எந்த பிஸ்டலையும் வாங்க வேண்டாம். கை எது, நிற்கும் முறை எது, இந்த விளையாட்டில் மனம் நிற்கிறதா என்று தெரிய அவ்வளவு காலமாவது வேண்டும். கிளப் பிஸ்டலில் கற்றுக்கொள்ளாத எதையும் சொந்த பிஸ்டல் கற்றுக்கொடுக்காது. பெல்லட் இல்லாமல் டிரிகரை மட்டும் இழுத்துப் பழகும் டிரை ஃபயர் பயிற்சிதான் இந்த விளையாட்டின் உயிர். அதற்குச் செலவே கிடையாது.

ஸ்கோர் ஏறாததற்கு பிஸ்டல்தான் காரணம் என்று நம்பி மாற்ற நினைப்பவர்களும் பொறுக்கட்டும். கிளப் பிஸ்டலை வைஸில் வைத்து ஐந்து குண்டு சுட்டால் உண்மை தெரிந்துவிடும். அது ஒரே ஓட்டையில் போட்டால் மாற்ற வேண்டியது பயிற்சியை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிஸ்டல் எப்படி இருந்தாலும் திறமை போதும் என்று சொல்வதும் தவறு. 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் நெம்புகோல் உடைந்தது. சுடும் இடத்தை விட்டு வெளியே போய்ச் சரிசெய்து திரும்புவதற்குள் கால் மணி நேரத்துக்கும் மேல் போய்விட்டது. கூடுதல் நேரம் தரப்படவில்லை. அவசரத்திலும் 575 சுட்டு 12-ஆம் இடம் பிடித்தார். இறுதிச் சுற்றுக்கு இரண்டே புள்ளி குறைவு. மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் 221.7 புள்ளிகளோடு வெண்கலம் வென்று, துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். உலகின் உச்சத்தில் இருப்பவரின் பிஸ்டலும் ஒரு சின்ன பாகத்தால் நின்றுபோகும். பராமரிப்பும், மாற்று பாகமும், பழுதறியும் கையும் விளையாட்டின் அங்கங்கள். புதியது, பழையது என்ற பேதம் இதற்கு இல்லை.

கிளப்புகள் செய்ய வேண்டியது

பழைய பிஸ்டல் வாங்குவது இன்று நம்பிக்கையை மட்டும் வைத்து நடக்கிறது. தெரிந்தவர் சொன்னார், கோச் சொன்னார் என்று ஒரு குடும்பத்தின் பெரிய சேமிப்பு கைமாறுகிறது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்வதையெல்லாம் ஒரு தனிக்குடும்பம் எங்கே போய்ச் செய்யும்?

இதற்குப் பெரிய செலவு ஆகாது. சென்னை, கோவை, மதுரை என்று ரைபிள் கிளப் உள்ள ஒவ்வோர் ஊரிலும் ஒரு வைஸ், ஒரு குரோனோகிராஃப், ஒரு 500 கிராம் சோதனை எடை, அளவுப் பெட்டி, பொறுப்பான ஒருவர், ஒரு பதிவேடு. கைமாறும் ஒவ்வொரு பிஸ்டலும் அந்த மேசையைத் தாண்டிப் போகட்டும். வரிசை எண், சிலிண்டர் தேதி, வேகம், டிரிகர் எடை எல்லாம் பதிவாகட்டும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரு சான்றுத் தாள் கிடைக்கட்டும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு புது பிஸ்டலின் விலையைவிடக் குறைவு.

துப்பாக்கி சுடுதல் பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. அதை உடைக்கும் வழிகளில் நம் கையில் இருக்கும் மிக எளிய வழி, ஏற்கெனவே நாட்டுக்குள் வந்துவிட்ட நல்ல பிஸ்டல்களை நேர்மையான விலையில், நேர்மையான சோதனையோடு அடுத்த பிள்ளையிடம் சேர்ப்பது. மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகளும், ஆசிரியரின் மகனும் மாநிலப் போட்டியில் வரிசையில் நிற்க அது போதும். மாநில சங்கமும் கிளப்புகளும் இந்த ஆண்டே அந்த மேசையைப் போட வேண்டும். அதுவரை, வாங்கப் போகும் ஒவ்வொரு பெற்றோரும் ஒரு லென்ஸும், 500 கிராம் எடையும், இரண்டு நாள் பொறுமையும் கொண்டு போங்கள்.